இரவுக் கடமையும் ஏட்டுக் கல்வியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் காரியதரிசி எங்களிடம் வந்து, பெண்கள் முன்னேற்றம் என்ற பொருள்பற்றி இவ்விழாவிற் பேச வேண்டும் என்று கேட்டார். அத்தனை பெரிய பொருளைச் சுமக்கும் வல்லமை எங்களுக்கு இல்லை என்றோம். "அப்ப உங்களுக்குத் தெரிஞ்சதைக் கதையுங்கோ" என்றார். எங்களுக்குத் தெரிந்தவை ஆஸ்பத்திரி வாட்டும், அதன் இரவும், அந்த இரவுகளுக்கு இடையில் நாங்கள் படித்த படிப்புமே. ஆகையால் அவற்றைப் பற்றியே பேசத் துணிந்தோம்.

நாங்கள் என்று சொல்வதை மேடை வழக்கம் என்று எண்ண வேண்டாம். இவ்வுரையை எழுதியவர்கள் மூவர். வாசிக்க நிற்பவர் ஒருவர். மூவரும் இவ்வூரவர், மூவரும் தாதியர். ஒரே ஆஸ்பத்திரியிற் பல வருடம் ஒன்றாக வேலை செய்தோம். 2002ஆம் ஆண்டு மூவரும் ஒன்றாகவே ஒரு பட்டப் படிப்புக்குப் பதிந்தோம். இருவர் முடித்தோம், ஒருவர் முடிக்கவில்லை. அவர் ஏன் முடிக்கவில்லை என்பதைப் பிறகு சொல்வோம். பெயர் சொல்லக் கூச்சமாக இருக்கிறபடியால் மூத்தவர், நடுவிலவர், இளையவர் என்றே குறிப்பிடுகிறோம். ஊரவர்களுக்கு ஆள் விளங்கிவிடும், விளங்கினால் குற்றமில்லை.

முதலில், தாதிக்கு மேற்படிப்பு எதற்கு என்ற கேள்வி. இதை எங்களிடம் கேட்காதவர்கள் குறைவு. "வெள்ளைச் சட்டை போட்டாச்சு, அரசாங்கச் சம்பளம் வருது, இன்னும் என்ன படிப்பு?" என்று எங்கள் பெரியம்மா ஒருவர் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குத் தக்க மறுமொழி சொல்ல அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறோம்.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில், நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்திலிருந்து பார்ப்பவன் என மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் சொல்லப்படுகின்றன. அந்த நான்காமவனுக்கு வள்ளுவர் இட்ட பெயர் உழைச்செல்வான். சரக சங்கிதையின் சூத்திரஸ்தானத்து ஒன்பதாம் அத்தியாயத்திலும் இதே நான்கு வருகின்றன. பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு நான்கு குணங்களை அந்நூல் கூறுகிறது: பராமரிக்கும் முறையை அறிந்திருத்தல், கைத்திறமை, நோயாளியிடத்து அன்பு, சுத்தம். அன்பும் சுத்தமும் எல்லோரும் எதிர்பார்ப்பவை. ஆயினும் அந்நூல் அறிவை அல்லவோ முதலில் வைத்தது! எங்கள் சனங்களோ தாதியைப் புகழும்போது "நல்ல பொறுமையான பிள்ளை" என்பார்கள். "நல்லாய்த் தெரிஞ்ச பிள்ளை" என்று சொல்லக் கேட்பது அருமை.

மேனாட்டிலும் இந்த நிலைமை நெடுங்காலம் இருந்தது. புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 1860இல் இலண்டன் சென்ற் தோமஸ் ஆஸ்பத்திரியில் தாதியர்க்கு ஒரு பள்ளியைத் தொடக்கிய பின்னரே, இது பயின்று செய்ய வேண்டிய தொழில் என்ற எண்ணம் பரவிற்று. நம் பக்கத்தில் இணுவில் மக்லியோட் ஆஸ்பத்திரி 1898இல் திறக்கப்பட்டது. அந்நியருடைய உடம்பைத் தொட்டுக் கழுவும் வேலைக்குப் பெண்பிள்ளையை அனுப்ப அக்காலத்தில் எத்தனை தாய்தகப்பன்மார் தயங்கியிருப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீடுகளிலேயே 1980களிலும் அந்தத் தயக்கம் இருந்தது.

இப்போதுள்ள வழியைச் சுருக்கமாகச் சொல்கிறோம். உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களிற் சித்தியடைந்தவர்களை எடுத்துத் தாதியர் கல்லூரியில் மூன்று வருடம் பயிற்றுகிறார்கள். பின்பு வாட்டுக்குப் போகலாம். அங்கே தரம் உயர்வதற்குச் சேவைக்காலமும் வினைத்திறன் தடைப் பரீட்சையும் உண்டு. வாட் சிஸ்டராகவோ போதனாசிரியராகவோ வர விரும்பினால் அதற்கு வேறொரு பயிற்சி. பட்டம் என்பது இவற்றுக்குப் புறம்பானது. இலங்கையிலேயே தாதியத்திற் பட்டம் பெறும் வழி 1994இல் திறந்த பல்கலைக்கழகம் தொடங்கிய படிப்போடுதான் வந்தது. அதன் சிறப்பு என்னவெனில், வேலையை விடாமற் படிக்கலாம். பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கிழக்குப் பல்கலைக்கழகமும் உயர்தரம் முடித்த பிள்ளைகளை நேரே எடுத்துத் தாதியத்திற் பட்டம் கொடுக்கத் தொடங்கின. அந்தப் பிள்ளைகள் பாக்கியசாலிகள். நாங்கள் பேசுவது வேலையில் இருந்துகொண்டு படிப்பவர்களைப் பற்றி.

நாங்கள் படிப்புக்குப் புதியவர்கள் அல்லர். இளையவர் தாதியப் பயிற்சி பெற்றது 1990களின் தொடக்கத்தில். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் போத்தற் கணக்கில் அல்ல, துளிக் கணக்கிற் பாவித்த காலம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது ஊறுமளவுக்கு மாத்திரம் எண்ணெய் விட்டு, சைக்கிள் ரியூப் வால்வுக்குள் திரி கோத்து ஏற்றிய விளக்கை இங்கே உள்ள பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வெளிச்சத்தில்தான் இருதயத்தின் நான்கு அறைகளையும் படித்தார். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே எழுந்து நடந்தபோது, அவர் கொண்டுபோன பையிற் சேலை இரண்டும் உடற்கூற்றியல் புத்தகம் ஒன்றும் இருந்தன. சேலையை வழியில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார், புத்தகத்தைக் கொடுக்கவில்லை. அது இப்போதும் அவரிடம் இருக்கிறது.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. அந்த வருடமே பதிந்தோம். மூத்தவருக்கு அப்போது வயது 38, பிள்ளைகள் இரண்டு. நடுவிலவருக்கு 33. இளையவருக்கு 32, கலியாணமாகி ஆறு மாதம். "கிழவியள் படிக்கப் போகினம்" என்று ஒரு பகிடி ஊரில் உலாவியது. பின்னாளில் நாங்கள் வாசித்து அறிந்த ஒரு செய்தி அப்போதே தெரிந்திருந்தால் மறுமொழி சொல்லியிருப்போம். சிசிலி சோண்டர்ஸ் என்ற அம்மையார் இரண்டாம் உலக யுத்த காலத்தில் சென்ற் தோமஸ் ஆஸ்பத்திரியில் தாதியாகப் பயின்றவர். முதுகு நோவினால் அந்த வேலையைத் தொடர முடியாமற் போகவே ஆஸ்பத்திரிச் சமூகசேவை உத்தியோகம் பார்த்தார். முப்பது வயது கடந்தபின் வைத்தியம் படிக்கப் புகுந்து 1957இல் டொக்டரானார். இறக்கும் நிலையில் உள்ளவர்களின் நோவைத் தணிப்பதற்கென்று 1967இல் அவர் நிறுவிய சென்ற் கிறிஸ்தோபர்ஸ் இல்லம் உலகெங்கும் பின்பற்றப்பட்டது.

எங்கள் கதைக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் நாள் மூன்றாகப் பிரியும். காலை 7 மணி முதல் 1 மணி. 1 முதல் மாலை 7. இரவு 7 முதல் மறுநாட் காலை 7. இரவுக் கடமை பன்னிரண்டு மணித்தியாலம். காலைக் கடமை முடித்து வீடு வந்து, அன்று இரவே மறுபடியும் போக வேண்டிய நாட்களும் உண்டு. இந்த நேரசூசிக்குள் படிப்பை எங்கே செருகுவது? பகலில் என்றால் பிள்ளைகள், சமையல், நல்லது கெட்டது. இரவில் என்றால் கடமை. மிஞ்சியிருப்பது நித்திரை ஒன்றுதான். நித்திரையிலிருந்தே எடுத்தோம். எல்லோரும் அங்கிருந்துதான் எடுக்கிறார்கள். அது தவறு என்பதைச் சொல்லவே இந்த மேடைக்கு வந்தோம்.

நடந்ததைச் சொல்கிறோம். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். குழந்தைகள் வாட், இரவு இரண்டு மணி இருக்கும். இளையவர் அன்று காலைக் கடமை செய்து, மத்தியானம் படுக்காமல் ஒப்படை ஒன்றை எழுதி முடித்து, இரவு மறுபடியும் வந்திருந்தார். காலை ஐந்து மணிக்கு எழும்பியவர். இருபத்தொரு மணித்தியாலம் விழித்திருந்தார். வயிற்றோட்டத்தால் வாடிப்போன ஒரு குழந்தைக்கு மணித்தியாலத்துக்கு 40 மில்லிலீற்றர் சேலைன் ஏற்றச் சொல்லியிருந்தது. குழந்தைகளுக்குப் பாவிக்கும் சிறுதுளிக் குழாயில் 60 துளி ஒரு மில்லிலீற்றர். அதனால் அதில் கணக்கு இலகு. நிமிடத்துக்கு 40 துளி விட்டால் மணித்தியாலத்துக்கு 40 மில்லிலீற்றர் போகும். இளையவர் 40 துளி என்று எண்ணி விட்டார். ஆனால் அன்று சிறுதுளிக் குழாய் முடிந்து, பெரியவர்களுக்குப் பாவிக்கும் குழாய் தொங்கவிடப்பட்டிருந்தது. அதில் 20 துளியே ஒரு மில்லிலீற்றர். ஆகவே 40 துளி என்றால் மணித்தியாலத்துக்கு 120 மில்லிலீற்றர், மூன்று மடங்கு. அவரே கையிற் பிடித்து, அவரே துளியை எண்ணினார். கண் பார்த்தது, மூளை பார்க்கவில்லை.

மூத்தவர் பக்கத்து வாட்டில் இருந்து ஏதோ ஒரு மருந்து இரவல் கேட்க வந்தார். கட்டிலைக் கடந்து போனவர் திரும்பி நின்று, "என்னடி, துளி கொழுத்து விழுது?" என்றார். அவ்வளவுதான். பத்து நிமிடங்கூட ஆகவில்லை. குழாயை மூடி, டொக்டருக்கு அறிவித்து, ரிப்போட் புத்தகத்தில் உள்ளபடி எழுதினோம். குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. மூன்றாம் நாள் தாயின் இடுப்பில் இருந்து வீட்டுக்குப் போனது. இளையவர் மாத்திரம் ஒரு கிழமை சாப்பிடவில்லை.

17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கருத்தும், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவருடையதைப் போல மந்தப்படும் என்று அவுஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் 1997இல் நேச்சர் சஞ்சிகையில் எழுதினார்கள். குடித்துவிட்டு ஒருவர் வாட்டுக்குள் வந்தால் ஊரே கொதிக்கும். நித்திரை இல்லாமல் வந்தால் "கஷ்டப்பட்டுப் படிக்கிற பிள்ளை" என்று புகழ்கிறோம். நோயாளியின் சேலைனுக்கு இரண்டும் ஒன்றே.

அன்று தொடக்கம் நாங்கள் ஒரு கட்டுப்பாடு செய்துகொண்டோம். இரவுக் கடமை உள்ள நாளிற் புத்தகத்தைத் தொடுவதில்லை. மத்தியானம் நான்கு மணித்தியாலமாவது படுப்பது. துளிக் கணக்கை ஒருவர் செய்தால் மற்றவர் குழாயைப் பார்த்துச் சரி சொல்வது. இதனால் எங்கள் படிப்பு ஏறக்குறைய ஒரு வருடம் பின்தள்ளிப் போனது. போகட்டும் என்று விட்டோம்.

இனி, படித்ததனால் என்ன கிடைத்தது? சம்பளம் என்று கேட்பவர்களுக்குச் சொல்லக்கூடியது அதிகம் இல்லை. ஆனால் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்ல வேண்டும். படிக்கும்வரை, நோயாளியின் மூச்சை நாங்கள் ஒழுங்காக எண்ணியதில்லை. நாடியை எண்ணுவோம், காய்ச்சலை அளப்போம், இரத்த அமுக்கத்தைப் பார்ப்போம். மூச்சு என்ற கட்டத்தில் எல்லோருக்கும் 20 என்று போட்டுவிடுவோம். எங்கள் வாட்டில் இருந்த முப்பது பேரும் நிமிடத்துக்கு இருபது தரம் மூச்சுவிட்ட அதிசயத்தை எந்த டொக்டரும் கேட்டதுமில்லை. நோயாளி ஒருவர் ஆபத்தை நோக்கிப் போகும்போது, அமுக்கம் விழுவதற்கு எவ்வளவோ முன்னரே மூச்சின் வேகம் கூடத் தொடங்கிவிடும் என்பதைப் படிப்பின் இரண்டாம் வருடத்தில் வாசித்தபோது, நடுவிலவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அழுதார். அவருக்கு எந்தெந்தக் கட்டில்கள் நினைவுக்கு வந்தன என்று நாங்கள் கேட்கவில்லை.

அதற்குப் பின் ஒரு நாள். வயிற்றிற் சத்திரசிகிச்சை முடிந்த ஒரு கமக்காரர். இரண்டாம் இரவு. "மிஸ்ஸி, எனக்கு ஒண்டுமில்லை, ஆனா என்னவோ செய்யுது" என்றார். நாடி கொஞ்சம் கூட, அமுக்கம் சரி, காய்ச்சல் இல்லை. நடுவிலவர் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினார். மாலையில் 18 ஆக இருந்தது, இப்போது 30. பழைய நாளென்றால் டொக்டரிடம் "ஆள் சரியில்லைப் போலக் கிடக்கு" என்று சொல்லியிருப்போம். அவரும் "காலையில் பாப்பம்" என்றிருப்பார். அன்று நடுவிலவர், மூச்சு ஆறு மணித்தியாலத்தில் 18இலிருந்து 30க்கு ஏறியது, சிறுநீர் குறைந்தது, வயிறு இறுகி இருக்கிறது என்று மூன்றையும் வரிசையாகச் சொன்னார். டொக்டர் செருப்பைக்கூட ஒழுங்காகப் போடாமல் வந்தார். குடலிற் போட்ட தையல் கசிந்திருந்தது. விடியுமுன் மறுபடியும் சத்திரசிகிச்சை. அந்தக் கமக்காரர் அடுத்த வருடம் ஒரு சாக்கு வெங்காயத்தோடு வந்தார். டொக்டருக்குத்தான் கொண்டுவந்தார், எங்களுக்கு அதில் ஒரு பங்கு வந்து சேர்ந்தது.

நாங்கள் மூவர் கண்டதை மட்டும் வைத்துப் பேசுகிறோம் என்று எண்ண வேண்டாம். லிண்டா ஏக்கன் என்ற அமெரிக்கப் பேராசிரியை, தாமும் தாதியாக இருந்தவர், தம் கூட்டாளிகளோடு ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2014இல் லான்செற் சஞ்சிகையில் எழுதினார். சத்திரசிகிச்சை பெற்ற 420,000 இற்கு மேற்பட்டோரின் கணக்கு அது. தாதியருள் பட்டம் பெற்றவர் தொகை 10 வீதம் கூடிய இடங்களில், நோயாளி 30 நாட்களுக்குள் இறக்கும் சாத்தியம் 7 வீதம் குறைந்து காணப்பட்டது. அதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. அதையும் மறைக்கக் கூடாது. ஒரு தாதி பார்க்க வேண்டிய நோயாளர் ஒருவராற் கூடினால், அதே சாத்தியம் 7 வீதம் ஏறுகிறது. பட்டத்தை மாத்திரம் கொடுத்துவிட்டு நாற்பது கட்டிலுக்கு இரண்டு பேரை விடுகிறவர்கள் இந்த இரண்டாம் பாதியையும் வாசிக்க வேண்டும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாங்கள் பள்ளியில் விஞ்ஞானம் முழுவதையும் தமிழிற் படித்தவர்கள். பட்டப் படிப்போ ஆங்கிலத்தில். ஒரு பக்கம் வாசிக்க ஒரு மணித்தியாலம். அகராதி கிழிந்து போயிற்று. இதே யாழ்ப்பாணத்தில் 1847இல் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இரணவைத்தியம் 1867இல், கெமிஸ்தம் 1875இல் அச்சாயின. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். அவர் போனபின் அந்த வழி தூர்ந்து போனது. ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. மருந்துப் போத்தலில் உள்ளது ஆங்கிலந்தானே. ஆனால் ஒரு விடயத்தை ஒருமுறை தமிழில் விளங்கிக்கொண்ட பின் ஆங்கிலத்தில் வாசித்தால் அரைவாசி நேரம் போதும். நாங்கள் மூவரும் ஒருவருக்கொருவர் தமிழிற் சொல்லிக் கொடுத்தே படித்தோம். மூத்தவர்தான் விளங்கப்படுத்துவதிற் கெட்டிக்காரி. சிறுநீரகம் உப்பை வடிப்பதை, கிணற்றடியில் வாய்க்கால் கட்டுவதை வைத்துச் சொல்லித் தந்தார். அந்தப் பாடத்தில் எங்கள் இருவருக்கும் நல்ல புள்ளி.

இப்போது சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. படிப்பை முடிக்காதவர் மூத்தவர்.

மூன்றாம் வருடத்தில் அவருடைய மாமியாருக்குப் பாரிசவாதம் வந்தது. வீட்டில் வேறு பெண்கள் இல்லை. "நீ நேர்ஸ் தானே" என்று எல்லோரும் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் ஆறு மணித்தியாலம் செய்த வேலையை வீட்டில் மீதி நேரமெல்லாம் செய்தார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து நான்கு வருடம் பார்த்தார். மாமியாருக்குக் கடைசிவரை ஒரு படுக்கைப்புண் வரவில்லை. கணவர் நல்ல மனிதர். மைத்துனர் இருவரும் நல்லவர்களே. ஆனால் ஒரு பிற்பகலாவது "அக்கா, நான் இருக்கிறன், நீங்கள் போய்ப் படியுங்கோ" என்று அவர்களில் ஒருவரும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தோன்றவில்லை, அவரும் கேட்கவில்லை. இந்த வரியை எழுத வேண்டாம் என்று மூத்தவர் தடுத்தார். இருவர் ஒருபக்கம் நின்றபடியால் எழுதினோம்.

2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மறுபடியும் மூடப்பட்டது. கொழும்புக்குப் போய் முடிக்க வேண்டியவை எங்கள் இருவருக்கும் மிச்சம் இருந்தன. இரண்டு வருடம் தாமதித்து, கப்பலிலும் விமானத்திலும் இடம் கிடைத்தபோது ஒவ்வொருவராகப் போய் முடித்தோம். நடுவிலவர் இன்றும் வாட்டிலேயே இருக்கிறார்; விரும்பித்தான் இருக்கிறார். இளையவர் தாதிய மாணவருக்குப் படிப்பிக்கிறார். துளிக் கணக்குப் பாடத்தை அவர் எந்தக் கதையோடு தொடங்குவார் என்று சொல்லத் தேவையில்லை. மூத்தவர் ஓய்வுபெற்றுவிட்டார். 2017இல் டெங்கு நாடெங்கும் பரவி 186,000 இற்கும் மேற்பட்டோர் பீடிக்கப்பட்ட வருடத்தில், இரண்டு அமுக்க அளவுகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் இருபதுக்கு இறங்குகிறதா என்று இரவு முழுக்க ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுத்தவர் அவரே. பட்டமளிப்பு விழாப் படம் அவர் வீட்டுச் சுவரில் இல்லை.

பெரியோர்களே, இனிச் சொல்பவை உங்களுக்கு. பெண் பார்க்க வருகிறவர்கள் "பிள்ளைக்கு நைட் டியூட்டி இருக்கோ?" என்று கேட்கிறார்கள். இருக்கிறது. உங்களுக்கு நெஞ்சு நொந்தால் நீங்கள் போகும் நேரமும் இரவாகத்தான் இருக்கும். பகலில் மருமகள் படுத்தால் வீட்டுக்கு மூதேவி என்று சொல்லும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. இரவுக் கடமை முடித்து வந்தவள் பகலிற் படுக்காவிட்டால் யாரோ ஒரு குழந்தையின் சேலைன் மூன்று மடங்காக ஓடும்.

இன்னொன்று, இதைச் சொல்வதா விடுவதா என்று மூவரும் நெடுநேரம் வாதாடினோம். நம்மூர்க் கோயில்களில் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி காலை ஐந்து மணி முதல் இரவு வரை பாடுகிறது. நாங்களும் அடியார்கள்தாம், தேர் அன்று லீவு எடுக்கிறவர்கள்தாம். ஆனால் காலை ஒன்பது முதல் பிற்பகல் இரண்டு வரை அந்தக் குழாயை வீதிப் பக்கம் திருப்பாமல் மண்டபத்துக்குள் திருப்பி வைத்தால் சுவாமி கோபிக்கமாட்டார் என்று நம்புகிறோம். இச்சங்கத்து வாலிபர்கள்தாம் அதைக் கட்டுகிறவர்கள். அவிழ்த்துத் திருப்பவும் அவர்களால் முடியும்.

வாலிபர்களே, உங்களில் ஆண்பிள்ளைகளும் இத்தொழிலுக்கு வருகிறீர்கள். மகிழ்ச்சி. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் தாதியர் பலர் ஆங்கிலப் பரீட்சை எழுதி வெளிநாடு போனார்கள். அவர்களை நாங்கள் குறை கூறமாட்டோம். பிள்ளைக்குப் பால்மா வாங்க வேண்டியவர் போகத்தான் செய்வார். போகிறவரும் இருக்கிறவரும் படிக்க வேண்டியது ஒன்றே. அக்காவோ தங்கச்சியோ மனைவியோ படிக்கிற வீடாக இருந்தால், கிழமையில் இரண்டு பிற்பகல் சமையலறையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மூத்தவரின் மகன் இப்போது தன் மனைவிக்கு அதைச் செய்கிறான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தாயைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த பிள்ளை.

கடைசியாக எங்கள் விண்ணப்பம். சங்கத்தின் வாசிகசாலை மாலை நான்கு மணி முதல் எட்டு மணி வரை திறந்திருக்கிறது. பாடசாலைப் பிள்ளைகளுக்கும் கந்தோர் உத்தியோகத்தருக்கும் அது தக்க நேரம். பிற்பகற் கடமைக்குப் போகும் தாதிக்குக் காலைதான் ஓய்வு. இரவுக் கடமைக்குப் போகிறவளோ நாலு மணிக்கு எழும்பி ஏழு மணிக்கு வாட்டில் நிற்க வேண்டும். இவ்வூரில் இன்று தாதியத் தொழிலில் இருந்துகொண்டு படிக்கும் பிள்ளைகள் நான்கு பேர் என்று எண்ணினோம். அவர்கள் வீடுகளில் தனியாக ஒரு மேசை இல்லை. காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வாசிகசாலையின் பின்னறையை அவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். கூலி கொடுத்து ஆள் வைக்கத் தேவையில்லை. கிழமையில் மூன்று நாள் வந்திருந்து பாடம் விளங்கப்படுத்த மூத்தவர் சம்மதித்திருக்கிறார். எங்கள் மூவரின் புத்தகங்களும் இரண்டு பெட்டி இருக்கின்றன. கிழிந்த அகராதியும் உண்டு.

தலைவர் அவர்கள் இதற்கு இந்த மேடையிலேயே மறுமொழி சொல்ல வேண்டும் என்பதில்லை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு நாங்கள் மூவரும் பெட்டிகளோடு வாசிகசாலைப் படியில் இருப்போம். சாவி யாரிடம் இருக்கிறதென்பது எங்களுக்குத் தெரியும்.